பீஸ் கட்டை

என் வீட்டுக்கு எப்போதாவது வருகிறவர்கள், கூடத்துச் சுவரில் வெறுமனே இருக்கும் ஆணியைப் பார்த்துவிட்டு, அதில் காலண்டரை மாட்டலாமே என்பார்கள். காலண்டருக்கு வேறு ஆணி இருக்கிறது. இந்த ஆணி பீஸ் கட்டைக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ரூமில் இருக்கும் மெயின் சுவிட்ச் பெட்டிக்குள் மூன்று வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செருகியிருக்கும். நடுக்கட்டையைப் பிடுங்கிவிட்டால் மோட்டார் ஓடாது. எங்கள் பக்கம் பங்குக் கிணறு வைத்திருக்கும் குடும்பங்களில் அதுதான் சாவி. இன்று யார் முறையோ அவர் கையில் அது இருக்கும். தண்ணீர் கட்டி முடித்ததும் பிடுங்கி மறுநாள் முறைக்காரரிடம் சேர்த்துவிட வேண்டும். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அதை மீறியவர்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார முடியாது.

எங்கள் கிணற்றுக்குப் பங்குதாரர்கள் நானும் என் ஓரகத்தியும். ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் இரண்டு ஸ்டாப், இறங்கி கொஞ்சம் நடந்தால் எங்கள் நிலம். நடுவில் ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் என் வீடும் நாற்பது மாமரங்களும். அந்தப் பக்கம் அவள் வீடும் இருபத்திரண்டு மாமரங்களும். அவள் கணவர் முதலில் போனார், என் கணவர் பிறகு போனார். என் மகன் பெங்களூரில், அவள் மகள் கல்யாணமாகி ஓசூரில். மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேரும் ஒரு கிணறும்தான்.

இருபத்தெட்டு வருடம் அந்தக் கட்டை எங்கள் இரண்டு பேர் கையிலும் மாறிமாறிப் போய் வந்தது. அதாவது, ஒருநாள் காலை அவள் என் வாசலில் நிற்பாள், மறுநாள் காலை நான் அவள் வாசலில் நிற்பேன். கட்டையைக் கொடுக்க அரை நிமிடம் போதும். நாங்கள் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வோம். எனக்கு வாய் நீளம், அவளுக்குக் காது நீளம். நான் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்த்தவள். நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, அவளிடம்தான் மொத்தத்தையும் கொட்டுவேன். பழைய பேப்பரில் படித்த செய்தியைக்கூட இன்றைக்கு நடந்ததுபோலச் சொல்வேன். அவள் நம்பிக்கொண்டு கேட்பாள், அல்லது நம்புவதுபோல நடிப்பாள். இரண்டில் எது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

கிணறு ஒரே நாளில் வற்றிவிடவில்லை. முதலில் மூன்று மணி நேரம் ஓடிய மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடியது. பிறகு ஒன்று. மழை வராமல் இல்லை, வந்தது. ஆனால் ஐப்பசி முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே சாயங்காலத்தில் கொட்டிவிட்டு, வண்டி பிடித்துப் போவதுபோலப் போய்விடும். ஓடையில் செம்மண்ணாக ஓடும், காலையில் பார்த்தால் ஈரம்கூட இருக்காது. ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேலம் நின்றது. மாமரங்கள் தையில் பூப்பதை மறந்து மார்கழியில் பூத்தன, பூத்ததைப் பனி கருக்கியது, தப்பியதை மாசி வெயில் உதிர்த்தது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை நான் மோட்டாரைப் போட்டபோது குழாயில் சேறும் காற்றும் வந்தன. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் பாறை தெரிந்தது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பாறையைப் பார்த்ததே இல்லை.

கிணற்றுக்குள் பக்கவாட்டில் சைடு போர் போட்டுப் பார்த்தோம். ஒரு மாதம் கசிந்தது, நின்றுவிட்டது.

இதில் ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். கிணறு வற்றிய பிறகும் நாங்கள் கட்டையை மாற்றிக்கொள்வதை நிறுத்தவில்லை. தண்ணீரே இல்லாத கிணற்றுக்கு ஐந்து மாதம் முறை மாற்றினோம். அவள் காலையில் கட்டையோடு வருவாள், நான் வாங்கி ஆணியில் மாட்டுவேன். மறுநாள் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். யாருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஆளுக்கு இரண்டு டிராக்டர் டேங்கர் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றினோம். மாங்காய்ப் பறிப்பு முடிந்ததும் கிணற்றோரமாகப் பொதுவில் ஒரு போர் போடுவது, செலவு பாதிப் பாதி, தண்ணீர் பழையபடி முறை வைத்து, என்று பேசி வைத்துக்கொண்டோம்.

தை மாதம் அவள் மகளுக்குப் பிரசவம். ஓசூருக்குப் போனாள். போன அன்று அவள் முறை, அதனால் கட்டை அவள் வீட்டு ஆணியில் இருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாசியில் பக்கத்து ஊருக்குப் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்திருந்தது. என் மகன் போன் செய்தான். வண்டி அந்தப் பக்கம் இருக்கும்போதே போட்டுவிடு, பணம் அனுப்புகிறேன், இதை விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், மரமெல்லாம் போய்விடும் என்றான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சித்தி வரட்டும் என்றேன். சித்திக்காகக் காத்திருந்தால் மரத்துக்கு யார் பதில் சொல்வது என்றான்.

அவளுக்கு நான் ஒரு போன் செய்திருக்கலாம். என் போனில் அவள் நம்பர் இருந்தது, பேலன்ஸும் இருந்தது. செய்யவில்லை. பின்னாளில் இதற்குப் பல காரணம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, தொந்தரவு செய்யக் கூடாது என்றேன். அவளிடம் இப்போது பணம் இருக்காது, சங்கடப்படுவாள் என்றேன். எல்லாம் பூசி மெழுகியது. சொல்லியிருந்தால் அந்தப் போர் பாதி அவளுடையது ஆகியிருக்கும். அதுதான் காரணம்.

கிணற்றோரத்தில் போடவில்லை. என் நிலத்தில், வரப்பிலிருந்து பத்தடி தள்ளி, தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் காட்டிய இடத்தில் போட்டேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ரிக் வண்டி கத்தியது. பாறையைப் பொடித்துப் பொடித்து வெள்ளைத் தூளாக வெளியே தள்ளியது. அந்தத் தூள் காற்று அடித்த பக்கமெல்லாம் போனது. காற்று அன்றைக்கு அவள் பக்கம் அடித்தது. ஆயிரம் அடியைத் தாண்டியதும் தண்ணீர் பீச்சியது. கையில் பிடித்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. வாயில் ஊற்றிப் பார்த்தேன், உப்பு. எங்கள் ஊர்க்காரர்களின் பல்லைப் பார்த்தாலே அந்தத் தண்ணீரின் ருசி தெரியும், என் பல்லும் பழுப்புத்தான். ஆனாலும் தண்ணீர். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

கரண்ட் இணைப்பு மாமனார் பெயரில் ஒன்றுதான் இருந்தது. கிணற்றுக்குப் போன அந்த இணைப்பிலிருந்து என் போருக்குக் கேபிள் இழுத்தோம். மோட்டாரைப் போடலாம் என்று பெட்டியைத் திறந்தால் நடுக்கட்டை இல்லை. அது பூட்டிய வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை. பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறி, எலக்ட்ரிக் கடையில் புதுக் கட்டை ஒன்று வாங்கி வந்து செருகினேன். மோட்டார் ஓடியது.

சித்திரைப் பிறப்பன்று பொழுது சாய்ந்து அவள் ஊர் திரும்பினாள். நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள். கையில் பழைய கட்டை.

"இன்னிக்கு உங்க மொறைங்கக்கா. குடுத்துட்டுப் போலாம்னு வந்தன்" என்றாள்.

மூன்று மாதம் ஊரில் இல்லாதவள். ஓசூரில் குழந்தைக்குத் துணி துவைத்துக்கொண்டே, ஒருநாள் எனக்கு, ஒருநாள் அவளுக்கு என்று மனசுக்குள் முறை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் சத்தம் அவள் காதில் விழுந்துவிட்டது. சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். நடந்து போய் மோட்டார் ரூமுக்குள் நுழைந்தாள். நான் பின்னாலேயே போனேன். பெட்டி திறந்தே இருந்தது. பழைய இரண்டு கட்டைகள் அழுக்கேறி இருந்தன, நடுவில் புதியது பளிச்சென்று இருந்தது.

"புதுசு வாங்கிட்டீங்களாக்கா" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். பழைய கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். போகும் வழியில் அவளுடைய முதல் மாமரத்தடியில் நின்று, ஒரு இலையைக் கட்டை விரலால் துடைத்தாள். ரிக் வண்டித் தூள் ஒன்றரை மாதமாக அங்கேயே படிந்திருந்தது. கழுவிவிட ஒரு மழை வரவில்லை.

என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவள் திட்டவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்து, நானே வரப்பில் நின்று, ஓஸ் பைப்பை எடுத்துப் போட்டு மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொள் என்று சொன்னேன். தாராளமாகச் சொன்னேன். அந்தத் தாராளம்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

"குடுக்கறதுன்னா வேணாங்கக்கா. மொறைன்னா வர்றன்" என்றாள்.

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "போரு எம் பணத்துல போட்டது. அதுக்கு எங்கருந்து மொறை வரும்?" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், சரி என்பதுபோல. வைகாசி கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூருக்கே போய்விட்டாள். தனியாகப் போர் போட அவளிடம் பணம் இல்லை. போட்டாலும் கரண்ட் இணைப்பு இல்லை, அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேனே. ரோஜாப்பூ வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு பண்ணையில் பூக்கட்டு கட்டும் வேலை கிடைத்ததாக அவள் மகள் போனில் சொன்னாள். குளிர் அறைக்குள் நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. காம்புகளைத் தண்ணீரில் முக்கி முக்கி வைப்பார்களாம். ஐம்பத்தைந்து வயதில்.

அதன்பிறகு என் காலைகள் எப்படி இருந்தன என்று சொல்கிறேன். எழுந்து, சாணம் வாரி, பால் கறந்து, டீ போட்டுக்கொண்டு வாசலில் உட்காருவேன். யாரும் வரமாட்டார்கள். நானும் யார் வாசலுக்கும் போக வேண்டியதில்லை. மோட்டாரை எப்போது வேண்டுமானாலும் போடலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். யாரையும் கேட்க வேண்டாம். இருபத்தெட்டு வருடமாக நான் ஆசைப்பட்ட வசதி அது. அந்த வசதி வந்த பிறகு ஒரு முழு நாளில் நான் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணலாம், அதிலும் பாதி மாட்டிடம். மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். தண்ணி வருதா என்பான். வருது என்பேன். தண்ணீர் வந்தால் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அவன் கணக்கு. அவனைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தானே கணக்குப் போட்டேன்.

பேச்சுக்கு ஆள் இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எனக்காக நாள் கணக்கு வைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். அதுதான் வலித்தது. இன்று செவ்வாயா புதனா என்பதே எனக்கு மறந்து போக ஆரம்பித்தது. எல்லா நாளும் என் முறைதான் என்றான பிறகு எந்த நாளுக்கும் பெயர் தேவைப்படவில்லை.

மறு வருடம் மாசியில் அவள் மகள் பேசினாள். பேச்சோடு பேச்சாக, மாங்காய்ப் பருவம் முடியுமுன் அம்மா ஊருக்கு வருவதாகவும், மர வியாபாரியோடு வந்து மரங்களை வெட்டக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னாள். காய்ந்து பட்டுப்போனால் விறகு விலைதான், உயிர் இருக்கும்போதே கொடுத்துவிட்டால் தேவலை என்று அம்மா சொல்கிறாள், அதன்பிறகு அங்கே அம்மாவுக்கு என்ன இருக்கிறது பெரியம்மா என்றாள்.

போனை வைத்துவிட்டு வரப்பைத் தாண்டிப் போனேன். ஒன்பது மாதமாகத் தாண்டாத வரப்பு. மரங்களின் இலைகள் சுருண்டு, தொட்டால் பப்படம் மாதிரி நொறுங்கின. இரண்டு மரம் ஏற்கெனவே போய்விட்டது. மற்ற இருபதும் ஊசலாடிக்கொண்டிருந்தன. வெட்டிவிட்டால் அவள் இந்த ஊருக்கு வர ஒரு காரணமும் மிஞ்சாது. மரம் இருந்தால் எப்போதாவது வருவாள், வந்தால் என்னைப் பார்க்காமல் போக முடியாது. நான் காப்பாற்ற நினைத்தது மரத்தையா அவளையா என்று கேட்டால், மரத்துக்கு நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

தினமும் தண்ணீர் விட்டிருக்கலாம். ஆனால் அது 'கொடுப்பது'. அவள் வேண்டாம் என்று சொன்னது. அதனால் இரண்டு வருடக் காலண்டரையும் தரையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சித்திரைப் பிறப்புக்கு மறுநாள் அவள் கட்டையோடு வந்தாள், அன்று என் முறை. அடுத்த நாள் அவள் முறை. அங்கிருந்து விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே வந்தேன். நடுவில் இரண்டு தடவை தப்பிவிட்டது, திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். கடைசியில், நாளைக்கு அவள் முறை என்று வந்தது. அவள் முறை நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன்.

மறுநாள் வரப்பில் பள்ளம் பறித்து ஓஸ் பைப்பை அந்தப் பக்கம் போட்டேன். ஒரு முறைக்கு நான்கு மரம். பாத்தி எடுத்து, சருகு போட்டு மூடி, தண்ணீர் விட்டேன். அடுத்த நாள் என் மரங்களுக்கு.

பங்குனி வரை தண்ணீர் போதும் போதும் என்று வந்தது. சித்திரையில் குழாய் இரும ஆரம்பித்தது. இருபது நிமிடம் வரும், பிறகு காற்று. மோட்டாரை நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி போட வேண்டும். ஆயிரம் அடிக்குக் கீழேயும் பாறை தெரிய ஆரம்பித்துவிட்டதோ என்னவோ. மகன் அவனாகவே போனில் சொன்னான், நம் மரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள் அம்மா, மற்றதை விடு என்று. அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வட்டமிட்ட நாளில் வட்டத்துக்குரிய மரங்களுக்குத்தான் விட்டேன். என் பக்கம் வரிசையாக ஏழு மரம் பட்டுப்போனது, அதில் மூன்று நல்ல காய்ப்பு மரம். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வட்டமிட்ட நாளில் காலையில் எழும்போது இன்னொருத்திக்காகச் செய்ய ஒரு வேலை இருந்தது. அந்த நாட்களில் வாய் தானாகப் பேசியது. இன்னிக்கு உன் மொறை புள்ள, நல்லா குடிச்சுக்க என்று மரத்தடியில் நின்று சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் வந்தாள். கூடவே மர வியாபாரி, கையில் அளவு டேப்போடு. நான் அன்றைக்கு என் மரங்களுக்குத் தண்ணீர் கட்டி முடித்து, கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் இளைத்திருந்தாள். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்திருந்தன. என்னைப் பார்த்து வாங்க என்றாள், என் இடத்தில் நின்றுகொண்டு என்னையே வாங்க என்கிறாள். பிறகு மரங்களைப் பார்த்தாள். இலைகள் பச்சையாக இருந்தன. நான்கைந்து மரத்தில் காய்கூடத் தொங்கியது.

ஒவ்வொரு மரமாகப் போனாள். சருகை விலக்கி மண்ணைத் தொட்டாள். ஈரம். திரும்பி வந்தாள். வியாபாரி தள்ளி நின்று பீடி பற்றவைத்தார்.

"யாருங்க தண்ணி கட்டனது?"

நான்தான் என்றேன்.

"எப்பங்க?"

"உம் மொறைக்கு."

அவள் நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. வா என்று கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினேன். அவள் கிட்டே போய், சிவப்பு வட்டங்களின்மேல் விரல் வைத்து மாசியிலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தாள். உதடு முணுமுணுத்தது. அன்றைய தேதியில் விரல் நின்றது. வட்டம் இல்லை.

"இன்னிக்கு உங்க மொறை. நாளைக்கு எம் மொறை. சரியாத்தான் இருக்குது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரி பார்க்க அவளிடம் ஒரு கணக்கு இருந்தால்தானே சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியும். குளிர் அறையில் பூக்கட்டிக்கொண்டே, இல்லாத முறையை ஒரு வருடமாக அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாய் நீளம் என்று பெயரெடுத்தவள், ஒரு வாக்கியத்தைச் சேர்த்து எடுக்க முடியாமல் நின்றேன். கடைசியில், "போருக்கும் மொறை இருக்குது புள்ள. அன்னிக்கு அப்படிச் சொன்னது எந் தப்பு" என்றேன்.

அவள் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போய் வியாபாரியிடம் இந்த வருடம் வெட்டவில்லை என்று சொல்லி அனுப்பினாள். சாப்பிட்டுப் போ என்றேன். ஒரு மணி பஸ்ஸை விட்டால் ஷிப்டுக்குப் போக முடியாது என்றாள். மோட்டார் ரூம் தொட்டியில் கால் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனாள், வந்தாள், போய்வருகிறேன் என்றாள். மன்னித்துவிட்டாளா இல்லையா என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. பஸ் போன பிறகு வீடு முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள், திங்கட்கிழமை, வட்டமிட்ட நாள். காலையில் ஓஸ் பைப்பை அவள் மரத்தடியில் போட்டுவிட்டு வந்து சுவிட்சைத் தள்ளினேன். மோட்டார் ஓடவில்லை. கரண்ட் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். நடுக்கட்டை இல்லை.

குரங்கு வேலை என்று முதலில் நினைத்தேன். எங்கள் பக்கம் அதுகள் எதையும் விடாது. தரையெல்லாம் தேடினேன். பிறகு, நேற்று அவள் கால் கழுவப் போனது ஞாபகம் வந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை. பண்ணையில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள். நான் எதுவும் கேட்கும் முன்பே சொன்னாள்.

"கட்டை எங்கிட்டதாங்க இருக்குதுக்கா. நேத்து நீங்க கட்டி முடிச்சிட்டீங்க. இன்னிக்கு எம் மொறைதான?"

ஆமாம் என்றேன்.

"ஒரு நாளு தண்ணி இல்லன்னா மரத்துக்கு ஒன்னும் ஆவாதுங்க" என்றாள். பின்னால் மணி அடித்தது. வைத்துவிட்டாள்.

எப்போது கொண்டுவருவாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முறை என்பது கேட்டு வாங்குவதில்லை. மறுநாள் முறைக்காரர் வீட்டுக்குக் கட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது கையில் வைத்திருப்பவர் பொறுப்பு.

இன்று செவ்வாய். என் முறை. மாட்டுக்குப் பஞ்சாயத்துக் குழாயில் நான்கு குடம் பிடித்து வைத்திருக்கிறேன். மீதி இருக்கிற முப்பத்து மூன்று மரங்களும் வெயிலில் நிற்கின்றன. பாலக்கோட்டுக் கடையில் இதே கட்டை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். காலை எட்டு மணிக்குப் பாலக்கோட்டுப் பஸ் வந்தது, டீயும் கையுமாக ரோட்டோரம் நின்ற என்னைப் பார்த்துக் கண்டக்டர் ஏறலையா என்று கேட்டார். ஏறவில்லை. அடுத்தது ஓசூரிலிருந்து வரும் பஸ்.